வீட்டுத் திரையரங்கும் ஓர் ஒற்றைக்கொம்பும்

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்திருப்போர் லினக்ஸை நாடுவது இயல்பே. கட்டண ஓடிடி தளங்கள் பெரும்பாலும் லினக்ஸ் உலாவிகளுக்கு 4கே தருவதில்லை. அது லினக்ஸின் குறையன்று, உரிமப் பூட்டின் விளைவு. சேமித்த படங்களைக் காண்போர்க்கு அது பொருட்டுமன்று.

அவர்கள் சோதிக்க வேண்டியது தமிழ் வசனவரிகளை. (மதிப்புரைகளில் இதைத் தேடிப் பயனில்லை.) யூனிகோடில் ‘கெ’ என்பதில் ககரம் முன்னும் ஒற்றைக்கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படுகின்றன, திரையில் இடம் மாற்றுவது எழுத்தமைப்பு நிரலின் பணி. அந்நிரல் இல்லாத இயக்கியில் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும், வாசிப்பு தடுமாறும். எம்பிவி, ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தும் லிப்ஆஸ் வழியே வரிகளைச் சரியாகக் காட்டுகிறது.

ஆகவே, கோடியை மட்டும் இயக்கவென்றே உருவான லிப்ரெஎலெக்கைவிட டெபியனே தக்க தேர்வு. லோகித் தமிழ் எழுத்துருவை அதில் ஒரே கட்டளையில் நிறுவலாம்.