ஆஸ்கரும் சில தேதிகளும்

பி.காம் படிக்கிற பிள்ளைக்கு ஆஸ்கரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு மார்க்கெட் சமாச்சாரம்தான்.

ஜனவரி பிறந்ததும் ஹாலிவுட்டில் விருது சீசன் களை கட்டிவிடும். கோல்டன் குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ், பிரிட்டனின் பாஃப்டா, நடிகர் சங்கம் கொடுக்கிற எஸ்.ஏ.ஜி. விருது (2026 முதல் இதற்கு ஆக்டர் அவார்ட்ஸ் என்று பெயர்) என்று வரிசையாக வந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆஸ்கர். யார் ஜெயித்தார்கள் என்றுதான் நாம் எல்லோரும் பார்க்கிறோம். எந்த விழா எந்தத் தேதியில் வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இந்தத் தேதிகள் ஒன்றும் தெய்வ வாக்கு கிடையாது. முதல் ஆஸ்கர் விழா 1929 மே 16ல் நடந்தது. பிற்பாடு ரொம்ப வருஷம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடத்திக்கொண்டிருந்தார்கள். 2004ல் பிப்ரவரிக்கு இழுத்தார்கள். குளிர்கால ஒலிம்பிக் வந்த 2018லும் 2022லும் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். 2020ல் பிப்ரவரி 9லேயே முடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் கொரோனா புண்ணியத்தில் ஏப்ரல் 25 ஆனது.

இதில் ரொம்ப சாமர்த்தியசாலி பாஃப்டாதான். 2000ல் அவர்கள் விழா ஏப்ரல் 9ல் நடந்தது. அதற்குள் ஆஸ்கர் முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஊரே சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பந்தி போட்ட மாதிரி! 2001ல் பிப்ரவரி 25க்கு மாற்றிக்கொண்டு ஆஸ்கரை முந்தினார்கள். அன்றிலிருந்து ஆஸ்கர் யாருக்கு என்று கணிக்கிற எல்லோரும் பாஃப்டாவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தேதியை மாற்றியதிலேயே மவுசு கூடிவிட்டது.

சரி, முன்னால் வந்தால் என்ன தப்பு?

பங்குச் சந்தையில் மந்தை மனப்பான்மை என்று ஒன்று சொல்வார்கள். கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்று நாமும் அந்த ஷேரை வாங்குவது. ஆஸ்கருக்கு வாக்களிக்கத் தகுதியுள்ளவர்கள் சுமார் 10,000 பேர். எல்லோரும் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டா வாக்களித்தார்கள்? ஒரு பிரிவில் உள்ள எல்லாப் படங்களையும் பார்த்தால்தான் அந்தப் பிரிவில் இறுதி வாக்குப் போடலாம் என்று அகாடமி 2025 ஏப்ரலில்தான் விதி கொண்டுவந்தது. அதுவரை நிலைமை என்ன என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். படம் பார்க்காதவருக்கு நேற்று இரவு எவர் கையில் கோப்பை இருந்ததோ அவர் பெயர்தானே முதலில் ஞாபகம் வரும்?

2025ஐ எடுத்துக்கொள்வோம். ஆஸ்கர் இறுதி வாக்களிப்பு பிப்ரவரி 11 முதல் 18 வரை. பாஃப்டா விழா 16ந் தேதி, அதாவது வாக்களிப்புக்கு நடுவில். அங்கே சிறந்த நடிகர் ஏட்ரியன் பிராடி, சிறந்த நடிகை மைக்கி மேடிசன். எஸ்.ஏ.ஜி. விழா 23ந் தேதி, அதாவது வாக்குப் பெட்டியைப் பூட்டி ஐந்து நாள் கழித்து. அங்கே ஜெயித்தவர்கள் டிமொதி ஷாலமேயும் டெமி மூரும். மார்ச் 2ல் ஆஸ்கர் யாருக்குப் போனது தெரியுமா? பிராடிக்கும் மேடிசனுக்கும்!

இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். 2024ல் எஸ்.ஏ.ஜி. விழா ஆஸ்கர் வாக்களிப்புக்கு நடுவிலேயே வந்தது. அதில் லில்லி கிளாட்ஸ்டன் சிறந்த நடிகை. ஆனால் ஆஸ்கர் எம்மா ஸ்டோனுக்குப் போனது. பல பேர் இரண்டு மூன்று அமைப்புகளில் ஒரே சமயத்தில் உறுப்பினர்களாக இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே ஆட்கள் வாக்களித்தால் முடிவும் ஒரே மாதிரி வரத்தான் செய்யும்.

முன்னால் வருகிற விருதுகளால் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. கொரியப் படமான 'பாரசைட்' 2020 ஜனவரி 19ல் எஸ்.ஏ.ஜி. குழு நடிப்பு விருதை வாங்கியது. வேற்று மொழிப் படம் ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் தடவை. ஆஸ்கர் இறுதி வாக்களிப்பு தொடங்கியது ஜனவரி 30ல். நடுவில் 11 நாள். 'அப்படி என்னதான் இருக்கிறது இதில்' என்று உட்கார்ந்து பார்க்க அது போதுமான அவகாசம். நம்ம மரகதமணி (தெலுங்கில் கீரவாணி) கதையும் இதேதான். 'நாட்டு நாட்டு' பாட்டுக்கு 2023 ஜனவரி 10ல் கோல்டன் குளோப் கிடைத்தது. ஆஸ்கர் பரிந்துரைக்கான வாக்களிப்பு 12ந் தேதி தொடங்கியது. அதுவரை கேட்காதவர்களும் ஒரு தடவை கேட்டிருப்பார்கள்.

ஆக, வாக்களிப்புக்கு முன்னால் வருகிற விருது, 'இதையும் ஒரு தடவை பார்' என்கிறது. வாக்களிப்புக்கு நடுவில் வருகிற விருதோ, 'ஜெயிக்கிற குதிரை இதுதான்' என்கிறது. முதலாவது விளம்பரம். இரண்டாவதை வேறு என்னவென்று சொல்வது? நம் நாட்டில் பல கட்டமாகத் தேர்தல் நடந்தால், கடைசிக் கட்டம் முடிகிற வரை எக்ஸிட் போல் வெளியிடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. முதல் கட்டத்தில் பதிவான வாக்குகளையும் எண்ணாமல் பூட்டித்தான் வைக்கிறார்கள். யார் முன்னணியில் என்று தெரிந்தால் மிச்சமிருப்பவர்கள் மனசு மாறும் என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது. ஹாலிவுட்டுக்குத் தெரியாதா என்ன?

இதில் அடி வாங்குவது சின்னப் படங்கள்தான். பெரிய ஸ்டூடியோ ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு விருது வாங்கினால் திங்கட்கிழமை காலையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துவிடும். அந்தக் காசு இல்லாதவன் நல்ல படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

மற்ற விழாக்களின் தேதியை மாற்றும்படி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அகாடமி தன் வாக்களிப்பு நாட்களை மட்டும் மாற்றினால் போதும். 2025ல் பெட்டியை மூன்று நாள் முன்னால், பிப்ரவரி 15ல் பூட்டியிருந்தால் பாஃப்டா முடிவு தெரியாமலே எல்லோரும் வாக்களித்திருப்பார்கள். படம் பார்க்க நாள் பத்தாது என்பவர்களுக்காகப் பரிந்துரைப் பட்டியலை ஒரு வாரம் முன்னால் வெளியிடலாமே? ஆனால் 2026க்கும் பழைய கதையைத்தான் எழுதினார்கள். இறுதி வாக்களிப்பு பிப்ரவரி 26 முதல் மார்ச் 5 வரை, ஆக்டர் அவார்ட்ஸ் மார்ச் 1ல்!

காலண்டரில் ஒரு வாரத்தை நகர்த்துவதற்கு ஒரு பைசா செலவில்லை. வருஷா வருஷம் ஒலிம்பிக்கையும் டிவிக்காரர்களையும் பார்த்துத் தேதி குறிக்கிறவர்கள், ஒரு தடவை வாக்களிக்கிறவர்களையும் பார்த்துக் குறித்தால் என்ன குறைந்துவிடும்? நீங்களே சொல்லுங்கள் :-)