மேசை வாங்குமுன் ஒரு கேள்வி

ரொறன்ரோவில் வசிக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வாரத்தில் மூன்று நாட்கள் வீட்டிலிருந்தே பணியாற்றும்படி அவரது நிறுவனம் கூறியிருக்கிறதாம். எப்படிப்பட்ட மேசை வாங்கலாம், எப்படிப்பட்ட கதிரை வாங்கலாம் என்று ஆலோசனை கேட்டிருந்தார். பத்திரிகைக் காரியாலயத்தில் காலத்தைக் கழித்தவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று முதலில் எண்ணினேன். ஒரே மேசையில் நால்வர் இருந்து எழுதிய ஆசிரிய பீடத்தில் வளர்ந்தவன் நான். ஒருவர் தொலைபேசியில் உரத்துப் பேசுவார், இன்னொருவர் அச்சுப்படியைத் திருத்துவார், அதற்கிடையே தலையங்கம் எழுதி முடிய வேண்டும். எழுதுவதற்குத் தனியிடம் தேவை என்பதை அக்காலத்தில் நான் ஏற்றுக்கொண்டதேயில்லை.

அந்த எண்ணத்தை மாற்றியது 2020ஆம் ஆண்டு. மார்ச் 20ஆந் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. வெள்ளவத்தையிலுள்ள எமது சிறிய தொடர்மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிகணனியை வைத்து எழுதத் தொடங்கினேன். இரண்டு வாரங்களுக்குள் கழுத்தைத் திருப்ப முடியாத நிலை ஏற்பட்டது.

காரணம் எளிமையானது. மடிகணனியில் திரையும் விசைப்பலகையும் பிரிக்க முடியாதவை. கைக்கு வசதியாக வைத்தால் தலை குனிகிறது. கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் தோள் உயர்கிறது. தனி விசைப்பலகை ஒன்றை வாங்கிக் கொண்டு, மடிகணனியைத் தடித்த அகராதிகள் மீது ஏற்றினேன். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஏறத்தாழ ஒரு கை நீளத் தூரத்தில் இருக்க வேண்டும். முழங்கை செங்கோணமாக மடிய வேண்டும். பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். எட்டாவிட்டால் ஒரு பலகைத் துண்டு போதும். யன்னல் பக்கவாட்டில் இருப்பதே நல்லது. முன்னால் இருந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சம் திரையில் விழும். கொழும்பின் புழுக்கத்தில் றெக்சின் போர்த்திய கதிரையை விட, காற்றுப் புகக்கூடிய பிரம்புக் கதிரையே முதுகுக்கு இதமானது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தொலைவிலுள்ள எதையேனும் 20 விநாடிகள் பார்த்தால் கண்களுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும்.

இவ்வளவையும் ஒழுங்குபடுத்தி, வீட்டிலேயே காற்றோட்டமான யன்னலோர மூலையை எனதாக்கிக் கொண்டேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒருநாள் காலை, கட்டுரையொன்றின் நடுவில் இருந்தபோது சமையலறையிலிருந்து பேச்சொலி கேட்டது. "கொஞ்சம் சத்தம் போடாமல் இருக்க ஏலாதோ?" என்று குரல் கொடுத்தேன். மனைவி வாசலில் வந்து நின்றார். "இஞ்சேருங்கோ, நான் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறன். நான் எங்க இருந்து படிப்பிக்கிறது எண்டு சொல்லுங்கோ" என்றார்.

அப்போது அவர் பாடசாலையொன்றில் கணித ஆசிரியை. எழுந்து சென்று பார்த்தேன். அரிசிப் பேணியில் சாய்த்து வைத்த கைத்தொலைபேசி, அடுப்பருகே ஒரு முக்காலி, மடியில் கொப்பி. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த மாணவர்களுக்கான வகுப்பு அவ்வாறே நடந்து கொண்டிருந்தது.

என்னை வெட்கப்பட வைத்தது அக்காட்சி மட்டுமன்று. முப்பது வருடங்களாக இரவு இரவாக விடைத்தாள்களைக் கட்டில் ஓரத்தில் இருந்து, மடியில் பலகை வைத்துத் திருத்தியவர் அவர். வீட்டிலிருந்து வேலை செய்வது எமது வீட்டுக்கு 2020இல் வந்த புதுமையே அல்ல. அது எனக்கு மாத்திரமே புதிது. நான் வீட்டுக்கு வந்தபின்னரே அதற்கு ஒரு மேசை தேவைப்பட்டிருக்கிறது!

எமது சமூகத்தில் தையல் வேலை செய்வோர், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்போர், பிரத்தியேக வகுப்பு நடத்துவோர் என வீட்டையே தொழிற்களமாகக் கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். சர்வதேச தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலை தொடர்பான 177ஆவது சமவாயத்தை 1996இலேயே நிறைவேற்றிவிட்டது. வீட்டிலிருந்து உழைப்போரையும் ஏனைய தொழிலாளருக்குச் சமமாக நடத்த வேண்டும், அவர்களது பாதுகாப்பிலும் சுகாதாரத்திலும் அக்கறை காட்ட வேண்டும் என்கிறது அது. சமவாயங்களை அரசுகள் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டுக்குள் அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் நாம்தான்.

அன்று மாலையே நேரசூசி ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். காலை 8 மணி முதல் நண்பகல் வரை யன்னலோர மேசை அவருடையது. அதிகாலையும் மாலையும் என்னுடையவை. கதிரையின் உயரம் அவருக்கு ஏற்றதாக இல்லாததால் ஒரு மெத்தையும் கால்பலகையும் சேர்த்தோம். 2022 மார்ச் 31ஆந் திகதி 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோதும் அந்த ஒழுங்கு குலையவில்லை. மின்சாரம் இருந்த நேரத்தில் ஏற்றி வைத்த மின்கலம் அவரது வகுப்புக்குப் போயிற்று. நான் பழைய வழக்கப்படி தாளில் எழுதினேன். கட்டுரைக்கு எந்தக் குறையும் நேர்ந்துவிடவில்லை.

நல்ல கதிரை தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. கழுத்து வலி அனுபவித்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் வருமானம் கூடியவருக்கு, அல்லது ஆணுக்கு, வீட்டின் சிறந்த மூலை தானாகவே உரித்தாகிவிடுகிறது என்ற வழக்கத்தைக் கேள்வி கேட்காமல் வாங்கும் எந்த மேசையும் பாதி மேசைதான் என்பது எனது தாழ்மையான கருத்து.

நண்பருக்கு அளவுகளையெல்லாம் எழுதினேன். இறுதியில் ஒரு வரி சேர்த்தேன்: "மேசை வாங்குமுன், உங்கள் வீட்டில் வேலை செய்பவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எங்கே இருந்து செய்கிறார்கள் என்று ஒருநாள் முழுவதும் கவனித்துப் பாருங்கள்." அளவுகளுக்கு நன்றி கூறி உடனே பதில் அனுப்பியிருந்தார். அந்த இறுதி வரியைப் பற்றி இன்னும் ஒன்றும் எழுதவில்லை.