பல்லைக் காட்டும் மகாராஜா

ஜெர்மனிக்குச் சென்று திரும்பிய அன்பர் ஒருவர், மார்கழி மாதத்தில் ஒரு நாள் நம்மைத் தம் வீட்டுக்கு அழைத்து, கூடத்து மேஜைமீது நின்ற ஒரு மகாராஜாவுக்கு நம்மை அறிமுகம் செய்து வைத்தார். உயரம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. தலையில் பொற்கிரீடம், இடுப்பில் வாள், சிவப்பு அங்கி, முயல் ரோமத்தாலான வெண்தாடி. முகத்தில் பாதிக்குமேல் பல். முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையைத் தூக்கினால் வாய் திறக்கும்; அதில் ஓர் அக்ரோட்டை வைத்துக் கட்டையை அழுத்தினால் மகாராஜா அதை உடைத்துத் தருவார். எல்லாம் மரம், எல்லாம் கையால் தீட்டிய வர்ணம். “இந்தப் பல்லனுக்கா இவ்வளவு விலை கொடுத்தாய்? நம் பாக்குவெட்டிக்கு என்ன குறைச்சல்?” என்று அவருடைய தகப்பனார் கேட்டார். அன்பர் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தார். அவருக்காக நாம் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

ஜெர்மனியின் கிழக்குப் பாகத்தில், ஸாக்ஸனி மாகாணம் செக் நாட்டைத் தொடும் எல்லையில், ‘எர்ட்ஸ்கெபிர்கே’ என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறது. ‘தாதுமலை’ என்பது அதன் பொருள். 1168-ஆம் ஆண்டில் ஃப்ரைபர்க் என்னும் இடத்தில் வெள்ளி அகப்பட்டது முதல் அந்த மலையின் வயிற்றைக் குடைவதே அங்குள்ள ஜனங்களின் ஜீவனமாயிற்று. மலைமேல் ஸைஃபன் என்பது ஒரு சிற்றூர். ஓடை மணலை அலசி வெள்ளீயம் எடுத்ததால் வந்த பெயர் அது. பூமி எத்தனை காலந்தான் கொடுத்துக்கொண்டிருக்கும்? தாது வற்ற வற்ற, சுரங்கத் தொழிலாளிகள் மரம் கடைந்து பக்க வருமானம் தேடிக்கொள்ளத் தொடங்கினார்கள். 1849-ல் ஸைஃபனில் சுரங்கம் அடியோடு நின்றபோது பக்கத் தொழிலே முழுத் தொழிலாகிவிட்டது. தாதுக் கல்லை இடிக்கும் உலக்கைகளை இயக்கிய அதே ஓடை நீர், கடைசல் பட்டறைகளைச் சுழற்றியது.

சுரங்கம் போனாலும் சுரங்க நினைவு போகவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அம்மலைக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு ஜன்னல்களில் மரப்பொம்மைகள் கையில் விளக்கேந்தி நிற்கும். ஒன்று சுரங்கத் தொழிலாளி, மற்றொன்று தேவதை. வீட்டில் எத்தனை ஆண் குழந்தைகளோ அத்தனை தொழிலாளிகள், எத்தனை பெண் குழந்தைகளோ அத்தனை தேவதைகள் என்பது பழைய வழக்கம். குளிர்காலத்தில் அந்தத் தொழிலாளி விடியுமுன் குழிக்குள் இறங்குவான். இருட்டிய பிறகு வெளியே வருவான். வாரத்தில் ஆறு நாள் அவனுக்குச் சூரியன் கிடையாது. அப்படிப்பட்டவன் பனியில் நடந்து வீடு திரும்பும்போது ஜன்னலில் இரண்டு தீபம் தெரிந்தால் அவன் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். தீபச்சுடரின் வெப்பத்தால் உச்சியிலுள்ள மர இறகுகள் சுழல, அடுக்கடுக்காக நிற்கும் பொம்மைகளும் சேர்ந்து சுற்றும் ‘பிரமிட்’ ஒன்றும் அங்கே உண்டு. அதை நேரில் பார்த்தால்தான் ரஸிக்க முடியும்.

இனி நம் மகாராஜா. பெரிய மனிதர்களைப் பரிகாசம் செய்ய ஏழைக்குக் கிடைத்த வழிகளில் இது ஒன்று. ராஜா, போர்வீரன், போலீஸ்காரன், வனக்காவலன் என்று யார் யாரெல்லாம் ஏழையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்களோ, அவர்களெல்லோரும் ஏழையின் மேஜைமீது நின்று, அவன் சொன்னபோது வாயைத் திறந்து, அவன் கொடுத்ததைக் கடிக்கவேண்டியதாயிற்று. இதற்காக எவரையும் தண்டிக்க முடியாதல்லவா? பொம்மைதானே! இன்று உலகமெங்கும் பிரசித்தமாயிருக்கும் உருவத்தை ஸைஃபனில் கடைந்து வடித்தவர் வில்ஹெல்ம் ஃப்யூக்ட்னர் என்ற தொழிலாளி. காலம் 1870-ஐ ஒட்டியது. அதற்கு முன்பே 1816-ல் ஹாஃப்மன் என்னும் ஆசிரியர் இந்தப் பல்லனை வைத்துக் கதை எழுதியிருந்தார். 1892-ல் சைகோவ்ஸ்கி அதற்கு ஸங்கீதம் அமைத்து நாட்டியமாக்க, பல்லன் ருஷ்யாவின் அரங்கில் ஏறினான். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்களின் மூட்டைகளில் ஏறிச் சமுத்திரமும் தாண்டினான்.

மகாராஜாவைவிட நமக்குப் பிடித்தவர் புகைக்காரர். இரண்டு துண்டாகக் கழலும் சிறு பொம்மை, உள்ளே கூடு. கரித்தூளும் சாம்பிராணியும் சேர்த்துப் பிடித்த கூம்பு ஒன்றைக் கொளுத்தி உள்ளே வைத்து மேல்துண்டைப் பொருத்திவிட்டால், வட்டமான வாயிலிருந்து புகை நூலிழையாக எழும்பும். கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி 6 வரையுள்ள பன்னிரண்டு இரவுகளில் துர்த்தேவதைகள் உலவும் என்று நம்பி, வீட்டிலும் மாட்டுக்கொட்டிலிலும் தூபம் காட்டுவது ஜெர்மன் நாட்டுப்புறத்தின் பழைய ஆசாரம். புகைக்காரரோ மகான் அல்ல, தேவதூதருமல்ல. தபால்காரர், இராக்காவலர், தலைச்சுமை வியாபாரி — தெருவில் எதிர்ப்படும் ஆசாமிதான், வாயில் சுங்கானோடு.

இவற்றைச் செய்யும் வித்தைகளில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஈரமான ஊசியிலை மரத்தின் அடித்துண்டைப் பட்டறையில் சுழலவிட்டு, கடைசல்காரர் உளியால் முதலில் ஒருபக்கம், பிறகு மறுபக்கம் பள்ளமும் மேடுமாகச் செதுக்குகிறார். முடிவில் கையில் வருவது ஒரு மரவளையம். பார்ப்பவனுக்கு அதில் ஒன்றும் தெரியாது. வளையத்தைப் பணியாரத் துண்டுகள்போல் பிளந்தாலோ, ஒவ்வொரு துண்டின் வெட்டு முகத்திலும் ஒரு பசு நிற்கும். அல்லது ஒரு குதிரை, ஒரு யானை! ஒரே வளையத்திலிருந்து ஐம்பது மிருகங்கள்கூடக் கிடைக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் உருவத்தைக் கண்ணால் பாராமலே கை அறிந்து வெட்டவேண்டும். இந்த வித்தை தெரிந்தவர்களை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவ்வளவு அழகும் எந்த விலைக்குப் போயிற்று என்பதே வருத்தமான பாகம். பொம்மை செய்தவன் ஒருவன், விற்றவன் வேறொருவன். தரகு வியாபாரிகள் சொன்னதே விலை. அந்த விலைக்குச் செய்து கொடுக்க வீட்டிலுள்ள அத்தனை கைகளும் வேலை செய்தாகவேண்டும். தகப்பன் கடைவான், தாய் ஒட்டுவாள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குழந்தைகள் விளக்கடியில் உட்கார்ந்து வர்ணம் பூசும். உலகத்துக் குழந்தைகள் விளையாட வேண்டி இந்தக் குழந்தைகள் விளையாடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா விளையாட்டுச் சாமான்களுக்கு எடைக்கணக்கில் சுங்கம் விதித்தபோது, தீப்பெட்டிக்குள் ஒரு பண்ணையையே அடக்கும் குறும்பொம்மைகளை இந்த ஊரார் செய்து அனுப்பினார்கள். அந்தச் சாமர்த்தியத்தைப் புகழாதவர் இல்லை. அரிசியளவு கோழிக்கு மூக்கு வரைந்த கண்கள் யாருடையவை என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஆகவே, “எங்கள் பாட்டி காலத்தில் இது அரைக்காசுக்குக் கிடைத்தது” என்று அந்நாட்டில் எவரேனும் பெருமூச்சு விட்டால் நாம் அதில் கலந்துகொள்ள மாட்டோம். அரைக்காசுக்குக் கிடைத்ததற்குக் காரணம் உண்டு.

நிலைமை மாறியதற்கு ஓர் உதாரணம் கூறலாம். க்ரூன்ஹைனிகன் என்னும் ஊரில் 1915-ல் க்ரேட்டே வெண்ட், க்ரேட்டே க்யூன் என்ற இரண்டு பெண்கள் ஒரு பட்டறை ஆரம்பித்தார்கள். இருவரும் சித்திரமும் வேலைப்பாடும் முறையாகக் கற்றவர்கள். அவர்களுடைய குட்டித் தேவதைகள் ஒவ்வொன்றும் ஒரு வாத்தியத்தை வாசிக்கும். பச்சைச் சிறகுகளில் சரியாகப் பதினோரு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். 1937-ல் பாரிஸ் கண்காட்சியில் அவற்றுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1972-ல் கிழக்கு ஜெர்மன் சர்க்கார் அப்பட்டறையைத் தன் வசமாக்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் இம்மலைப் பொம்மைகளில் பெரும்பகுதி அந்நியச் செலாவணிக்காக வெளிநாடு போயிற்று. உள்ளூர்க் கடையில் ஒரு தேவதை கிடைப்பது தேவதை தரிசனம் கிடைப்பது போலத்தான். 1990-ல் பட்டறை மறுபடி பழைய குடும்பத்தாரிடம் வந்தது. இன்றும் அந்தப் பதினோரு புள்ளிகளைக் கையால்தான் வைக்கிறார்கள்.

இப்போது புதிய போட்டி. அதே மகாராஜா, அதே புகைக்காரர், சீன தேசத்திலிருந்து கால் விலைக்கு வந்து இறங்குகிறார்கள். தூரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வாங்குபவரைக் குறை கூற நமக்கு மனமில்லை. எல்லோருடைய பையும் ஒன்றல்ல. ஆனால் அந்தக் கால் விலைக்குள் எந்த ஊர்த் தாய் ஒட்டினாள், எவ்வளவு கூலி வாங்கினாள் என்பது எழுதியிருப்பதில்லை. ஸைஃபனில் மரப்பொம்மைத் தொழிலைப் பள்ளியில் பயின்று வந்த இளைஞர் தம் பட்டறைப் பெயரைப் பொம்மையின் அடியில் பொறிக்கிறார். அன்பர் கொடுத்த அதிக விலை அந்தப் பெயருக்குத்தான்.

சேகரிப்பவர்களைப்பற்றி மட்டும் நமக்கு ஒரு சிறு மனஸ்தாபம். எண்ணிட்ட பொம்மையை வாங்கி, பெட்டியைத் திறக்காமலே அலமாரியில் வைத்து, விலை ஏறுமா என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சாம்பிராணி மணமே அறியாத புகைக்காரரும், ஜன்னலையே பாராத தேவதையும் என்ன பாவம் செய்தார்களோ!

இதையெல்லாம் அன்பரின் தகப்பனாரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “வேலை செய்கிறானா பார்ப்போம்” என்று வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து மகாராஜாவின் வாயில் திணித்துக் கட்டையை ஓங்கி அழுத்தினார். பாக்கு உடையவில்லை. மகாராஜாவின் மேல்வரிசைப் பல்லில் ஓரிடத்தில் வெள்ளை வர்ணம் பெயர்ந்து மரம் தெரிந்தது. அன்பர் முகம் வாடிப்போயிற்று. பெரியவரோ மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மகாராஜாவைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் பொறித்திருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.