மடியில் கனம்

"மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?" என்று கேட்டுக் கண்காணிப்புக்கு வக்காலத்து வாங்குவோர் நம் சமுதாயத்திலும் பெருகிவிட்டனர். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துவோரும், லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுவோரும் அவர்களுள் அடக்கம்.

அவர்களை ஒன்று கேட்கிறோம். ஒடியா பேசும் தொழிலாளி வந்தால் முன்பணத்தைப் பேசி அறையைக் கொடுக்கிறீர்கள். வங்காளி பேசும் முஸ்லிம் வந்தால் மட்டும் ஆதார் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதேன்? அவன் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்புவதேன்? இந்நகரில் 1925இல் முதல் பனியன் தொழிற்கூடத்தைத் தொடங்கியவர் குலாம் காதர் என்னும் முஸ்லிம் பெருமகன். அத்தொழிலில் நமக்கு முன்னோடி வங்காளம். மறந்துவிட்டோம்.

2025 ஜனவரியில் இவ்வட்டாரத்தில் ஆவணமின்றித் தங்கியிருந்த பங்களாதேஷ் நாட்டவர் பலர் கைதானது மெய்யே. ஆனால் வங்காளி முர்ஷிதாபாத்தின் தாய்மொழியுமல்லவா? அவ்வாண்டு ஜூனில் மேற்கு வங்கத்துப் பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணி ஒருவர் தில்லியில் பிடிக்கப்பட்டு, எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார். கல்கத்தா உயர்நீதிமன்றம் செப்டம்பரில் அச்செயலை ரத்துச் செய்தது. அவர் ஊர் திரும்பவோ டிசம்பர் ஆயிற்று. அவர் சுமந்த கனம் வயிற்றுப் பிள்ளை ஒன்றுதான்.

சிமோன் பிரவுன் என்னும் பேராசிரியை, 2015இல் வெளியான தம் நூலில் நியூயார்க்கின் 1713ஆம் ஆண்டுச் சட்டமொன்றை ஆராய்கிறார். அடிமைகளாயிருந்த கறுப்பரும் செவ்விந்தியரும் இருட்டியபின் ஏற்றிய விளக்கின்றித் தெருவில் நடமாடலாகாது என்றது அது. விளக்கு அவர்கள் வழி காண்பதற்கன்று. அவர்களைப் பிறர் காண்பதற்கு. இன்று முகமே அவ்விளக்கு. தமிழ்நாட்டுக் காவல்துறை 2021இல் முகமறியும் மென்பொருளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது; 2024 மே மாதம் அதன் தரவுகளே கசிந்தன. காவலரிடமே தங்காத படம், உங்கள் வாட்ஸ்அப் குழுவில் தங்குமோ?

இரவில் மதீனாவைச் சுற்றிவந்த ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள், ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே பாவம் நடக்கக் கண்டதாக ஒரு செய்தியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எடுத்தெழுதுகிறார்கள். அம்மனிதர், தாம் செய்த பிழை ஒன்று, கலீஃபா செய்தவை மூன்று என்று எண்ணிக் காட்டினார்: துருவிப் பார்த்தது, வாசல் வழியே வராதது, ஸலாமின்றி நுழைந்தது. கலீஃபா அவரை மன்னித்து வெளியேறினார்கள். கவனியுங்கள்: அவர் மடியில் கனம் இருந்தது! இருந்தும் சுவரேறியது பிழையாயிற்று.

வீண் ஐயம், துருவுதல், புறம்பேசுதல் மூன்றையும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஒரே வசனம், 12ஆவது வசனம், விலக்குகிறது. நீங்கள் அனுப்பும் ஒரே படம் மூன்றையும் செய்து முடிக்கிறது.

வாடகைக்கு இருப்போர் விவரத்தைக் காவல் நிலையம் கேட்டால் கொடுங்கள். எல்லா அறையினரின் விவரத்தையும் கொடுங்கள். ஆனால் வெள்ளிதோறும் ஜும்ஆவில் உங்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவனின் படத்தை இன்று அஸருக்குள் அக்குழுவிலிருந்து அழித்துவிடுங்கள்.