பரிசு கொடுக்கும் கை எது?

ஜார்கண்டைச் சேர்ந்த ஓர் ஆதிவாசிக் கவிஞர் தம்மைத் தேடிவந்த பரிசை "வேண்டாம்" என்று மறுத்துவிட்டார். அவர் பெயர் ஜசிந்தா கேர்கெட்டா. வருஷம் 2024. பரிசளிக்க முன்வந்தவர்கள் அமெரிக்க சர்க்காரின் அயல்நாட்டு உதவி ஸ்தாபனமான யு.எஸ்.எய்டும், ரூம் டு ரீட் இந்தியா டிரஸ்டும். பரிசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அவருடைய "ஜிர்ஹுல்" என்னும் சிறுவர் கவிதை நூல். பாலஸ்தீனத்தில் குழந்தைகள் குண்டுகளுக்கு இரையாகிக் கொண்டிருக்கும்போது இந்தப் பரிசைத் தம்மால் வாங்க இயலாது என்று அவர் சொல்லிவிட்டார்.

இதை ஒருநாள் செய்தியாகப் படித்துவிட்டு மறந்துவிடக் கூடாது. பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலைத் தொழிலாளியும், கரும்பு வெட்டும் விவசாயத் தொழிலாளியும், தக்காளி மண்டியில் கூடை சுமக்கும் தோழரும் இதை அறிந்துகொள்ள வேண்டும். கவிஞருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

முதலில் அவர் யார் என்று பார்ப்போம். மேற்கு சிங்பும் ஜில்லாவில் குதாபோஷ் என்ற கிராமத்தில் பிறந்தவர் அவர். பத்திரிகையாளர், ஹிந்தியில் கவிதை எழுதுகிறவர். காடும் நிலமும் சுரங்கக் கம்பெனிகளின் கைக்குப் போவதைக் கண்ணெதிரே கண்ட மக்களின் குரல் அவருடைய குரல். ஜிர்ஹுல் என்பது அந்த மக்கள் அறிந்த ஒரு காட்டுப் பூவின் பெயர். 2023 நவம்பரிலும் இந்தியா டுடே குழுமத்தின் இலக்கிய விருது ஒன்றை அவர் மறுத்தார். மணிப்பூர் பற்றி எரிந்தபோது ஆதிவாசி மக்களின் துயரத்தைப் பெரிய பத்திரிகைகளும் டெலிவிஷன்களும் மதிக்கவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஆகவே 2024-ல் அவர் செய்தது ஒரு நாள் வேகத்தில் செய்த காரியம் அல்ல.

அவர் சுட்டிக்காட்டிய மற்றொரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த டிரஸ்டு, குழந்தைகள் படிப்புக்கான வேலைகளில் போயிங் கம்பெனியோடு சேர்ந்து இயங்குகிறது என்றார் அவர். போயிங் ஆகாய விமானம் செய்கிற கம்பெனி என்றுதான் நம்மில் பலர் அறிவோம். அதே கம்பெனி குண்டும் செய்கிறது. 2024 மே 26-ந் தேதி இரவு, காஸாவின் ராஃபா நகரில் அகதிகள் தங்கியிருந்த கூடாரங்களின் மீது இஸ்ரேலிய விமானங்கள் குண்டு போட்டன. 45 பேர் மாண்டனர். அங்கே கிடந்த உலோகத் துண்டுகளை ஆராய்ந்த ஆயுத நிபுணர்கள், அவை ஜி.பி.யு.-39 ரகக் குண்டின் பாகங்கள் என்று சொன்னார்கள். அந்த ரகக் குண்டைத் தயாரிப்பது போயிங்.

ஒரு கையில் குழந்தைக்குப் புத்தகம், மறு கையில் குழந்தையின் தலைமேல் குண்டு. இரண்டும் ஒரே உடம்பின் கைகள்! ஆயுத வியாபாரமும் குழந்தைகள் மீதான அக்கறையும் எப்படிச் சேர்ந்து நடக்கும் என்பதுதான் கவிஞரின் கேள்வி.

தொழிலாளித் தோழர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. ஓவர்டைம் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி நீட்டும் முதலாளியை நாம் பார்த்ததில்லையா? கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுக் கோயில் திருவிழாவில் அன்னதானம் போடும் பண்ணையாரைப் பார்த்ததில்லையா? இனிப்பு இனிக்கத்தான் செய்யும். சோறு வயிற்றை நிரப்பத்தான் செய்யும். ஆனால் இனிப்பை வாங்கிய வாயால் ஓவர்டைமைக் கேட்க முடியாமற் போகவேண்டும் என்பதே கொடுப்பவனின் கணக்கு. எழுத்தாளனுக்கு நீட்டப்படும் பரிசும் பல சமயங்களில் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

2023 அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஜனங்கள். அந்தக் கொலைகளை எந்தத் தொழிலாளியும் நியாயப்படுத்த மாட்டான். ஆனால் அதற்குப் பழி வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு ஜனசமூகத்தையே நசுக்கியதை எப்படி நியாயப்படுத்துவது? 2025 அக்டோபரில் சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்ட வேளையில், காஸாவில் மாண்டவர்கள் 67,000-க்கும் மேல் என்று அங்குள்ள சுகாதார அமைச்சகம் கணக்குக் கொடுத்தது. அவர்களில் பல்லாயிரம் பேர் குழந்தைகள். அந்தக் குண்டுகளில் பெரும்பகுதியைக் கொடுத்தது அமெரிக்கா. அந்த அமெரிக்காவின் ஸ்தாபனம்தான் நம் நாட்டுக் குழந்தைகளுக்காகக் கவிதை எழுதியவருக்குப் பரிசளிக்க வந்தது. பிறகு 2025-ல் அமெரிக்க சர்க்கார் அந்த உதவி ஸ்தாபனத்தையே இழுத்து மூடிவிட்டது. தர்மத்தை மூடினார்கள், குண்டு செய்யும் ஆலைகளை மூடவில்லை.

யுத்தத்தை எதிர்த்து எழுத்தாளர்கள் சர்க்கார் அழைப்பை மறுப்பது அமெரிக்காவிலேயே நடந்திருக்கிறது. 1965-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி ஜனாதிபதி ஜான்ஸன் வெள்ளை மாளிகையில் ஒரு கலைவிழா நடத்தினார். அந்த வருஷம் மார்ச்சில்தான் வியட்நாம் மீது இடைவிடாத குண்டுவீச்சை அவருடைய சர்க்கார் தொடங்கியிருந்தது. விழாவுக்கு அழைக்கப்பட்ட கவிஞர் ராபர்ட் லோவல் முதலில் சம்மதித்தார். பிறகு யோசித்துப் பார்த்து, வர இயலாது என்று ஜனாதிபதிக்கே கடிதம் எழுதினார். அது பத்திரிகையில் வந்தது, நாடே பேசியது. அதே ஆண்டு, கலைகளுக்கு உதவி செய்யும் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்திடும் வைபவத்துக்கு வர நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் மறுத்தார். 2005-ல் ஈராக் யுத்தம் நடந்தபோது, ஜனாதிபதி புஷ்ஷின் மனைவி அனுப்பிய அழைப்பைக் கவிஞர் ஷரோன் ஓல்ட்ஸ் நிராகரித்தார். அமெரிக்க மக்கள் வேறு, அமெரிக்க சர்க்கார் வேறு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்!

இந்த மறுப்புகளைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் வாதங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நமது கடமை.

"விழாவுக்குப் போய் மேடையிலேயே கண்டித்திருக்கலாமே" என்பது ஒரு வாதம். 1965-ல் அப்படியும் ஒருவர் செய்தார். ஜான் ஹெர்ஸி என்ற எழுத்தாளர் அதே விழாவுக்குப் போய், ஹிரோஷிமாவில் அணுகுண்டு செய்த நாசத்தைப் பற்றித் தாம் எழுதிய நூலிலிருந்து வெள்ளை மாளிகைக்குள்ளேயே வாசித்தார். அதுவும் தைரியமான காரியம்தான். ஆனால் அத்தகைய மேடையும் துணிவும் சேர்ந்து வாய்ப்பது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு. மாலை போடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், எழுத்தாளனின் நல்ல பெயர் யுத்தம் நடத்துகிறவனின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

"குழந்தைகள் படிப்புக்குச் செலவாகும் பணம், அதைப் பழிப்பதா?" என்பது இன்னொரு வாதம். பள்ளிக்குப் போகும் எந்தக் குழந்தையின் புத்தகத்தையும் அவர் பிடுங்கவில்லை. தமக்கு வந்த மாலையைத்தான் மறுத்தார். குழந்தைகளுக்குப் படிப்பு கொடுப்பது சர்க்காரின் கடமை. குண்டு வியாபாரியின் தர்மத்தில் அது நடக்க வேண்டிய அவசியம் இல்லை.

"இதனால் ஒரு குண்டாவது நின்றதா?" என்பது மூன்றாவது வாதம். நிற்கவில்லை. லோவல் கடிதம் எழுதிய பிறகும் பத்து வருஷம் வியட்நாம் எரிந்தது. 1975 ஏப்ரல் 30-ந் தேதிதான் யுத்தம் முடிந்தது. அதற்குள் அமெரிக்க மாணவர்களும், பட்டாளத்துக்குப் போக மறுத்த வாலிபர்களும், எல்லாவற்றுக்கும் மேலாக வியட்நாம் மக்களும் அளவற்ற தியாகம் செய்ய வேண்டியிருந்தது. நமது ஜில்லாவிலேயே பாருங்கள். வாச்சாத்தியில் 1992 ஜூனில் மலைவாழ் மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு, குற்றவாளிகளின் தண்டனையை ஹைகோர்ட்டு உறுதி செய்தது 2023 செப்டம்பரில். 31 வருஷம்! முதல் நாள் புகார் கொடுத்தவரைப் பார்த்து "என்ன நடந்துவிடும்" என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஒரு மறுப்பு யுத்தத்தை நிறுத்துவதில்லை. ஆனால் யுத்தத்தை நிறுத்தும் கூட்டம் ஒரு மறுப்பிலிருந்துதான் சேரத் தொடங்குகிறது.

இனி, நமது ஊருக்கு வருவோம். யுத்தம் எங்கோ நடக்கிறது என்று பாலக்கோடு சும்மா இருக்க முடியுமா? 2022-ல் உக்ரைன் யுத்தம் மூண்டதும் பொட்டாஷ் உர விலை ஏறியது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்தது, வாடகை ஏறியது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாங்கூழ் கடல் தாண்டிப் போகிற சரக்கு. கப்பல் வாடகை ஏறினால் மாம்பழத்தின் விலையில் பிடிப்பார்கள். மாம்பழ விலை இறங்கினால் தோப்பில் பறிக்கிறவரின் கூலியில் பிடிப்பார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சென்னை, கோயம்புத்தூர், திருச்சி, சேலம், ஓசூர் என்ற ஐந்து நகரங்களைச் சேர்த்து ராணுவத் தளவாட உற்பத்தி வழித்தடம் 2019 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. சேலத்துக்கும் ஓசூருக்கும் நடுவில் ரயில் பாதையில் உள்ள ஊர் பாலக்கோடு. 2024 ஜனவரியில் பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில் போயிங் கம்பெனியின் பெரிய வளாகமும் திறக்கப்பட்டது. வேலை தேடி ரயிலேறும் நமது பிள்ளைகள் போகிற திசைதான் இவையெல்லாம்.

நாட்டின் எல்லையைக் காக்கத் தளவாடம் வேண்டாமா என்பார்கள். வேண்டும். நாம் கேட்பது வேறு. நமது நாட்டில் செய்த ஆயுதம் யார் வீட்டின் மீது விழுகிறது? 2024 மே மாதம், சென்னையிலிருந்து இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்துக்குச் சுமார் 27 டன் வெடிபொருள்களை ஏற்றிச் சென்றதாகச் சொல்லப்பட்ட கப்பல் ஒன்றுக்குத் தன் துறைமுகத்தில் இடமில்லை என்று ஸ்பெயின் சர்க்கார் மறுத்துவிட்டது. நமது கரையிலிருந்து புறப்பட்ட சரக்கைப் பற்றி ஸ்பெயின் கேட்ட கேள்வியை நாம் கேட்க வேண்டாமா?

அப்படியானால் ஓசூர் ஆலையில் வேலை கிடைத்த பாலக்கோட்டு வாலிபன் என்ன செய்வது? வேலையை விட்டெறி என்று சொல்ல நாம் தயாராயில்லை. அவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். தங்கை கல்யாணக் கடன் அடைய வேண்டும். கவிஞர் தனியாக மறுத்தால் பரிசு போகும். தொழிலாளி தனியாக மறுத்தால் சோறு போகும். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு உபதேசம் செய்வது சுலபம். ஆகையால் தொழிலாளியின் மறுப்பு சங்கத்தின் மறுப்பாகத்தான் இருக்க முடியும்.

அதற்கும் வழி காட்டியவர்கள் உண்டு. 1945-ல் ஆஸ்திரேலியாவின் ஸிட்னி துறைமுகத்தில் இந்தியக் கப்பல் தொழிலாளர்கள், இந்தோனேஷிய விடுதலையை நசுக்கப் புறப்பட்ட டச்சுக் கப்பல்களில் வேலை செய்ய மறுத்தார்கள். 2024 பிப்ரவரியில், இந்தியாவின் 11 பெரிய துறைமுகங்களின் தொழிலாளர்களைக் கொண்ட நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம் என்று அறிவித்தது. ஜசிந்தா கேர்கெட்டா பேனாவால் செய்ததைத்தான் இவர்கள் கொக்கியைக் கையில் பிடித்தபடி சொன்னார்கள்.

எழுத்தாளனும் தொழிலாளியும் சேர்ந்து நிற்பது நமது பூமிக்குப் புதிதல்ல. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் வ.உ.சி.யோடு நின்று, சிறை சென்று, அங்கே குஷ்டநோயைப் பெற்று வெளிவந்து பத்திரிகை நடத்தியவர் சுப்பிரமணிய சிவா. அவர் 1925-ல் கண்மூடியது நமது பக்கத்து ஊரான பாப்பாரப்பட்டியில்.

தோழர்களே! சங்கக் கூட்டங்களில் இந்தக் கவிஞரின் செய்கையைப் பேசுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தளவாட ஆலைகளில் வேலை செய்யும் நமது வாலிபர்களைச் சங்கத்தில் சேருங்கள். செய்யும் சரக்கு எங்கே போகிறது என்று நிர்வாகத்தையும் சர்க்காரையும் கேட்கும் தீர்மானத்தை ஒவ்வொரு கிளையிலும் நிறைவேற்றுங்கள். தனியாகக் கேட்டால் கேட்டுக்கு வெளியே நிறுத்துவார்கள். ஆயிரம் பேராகக் கேட்டால் பதில் சொல்லித்தான் தீரவேண்டும்.

யாராவது பரிசை நீட்டினால் பரிசை மட்டும் பார்க்காதீர்கள். நீட்டும் கையைப் பாருங்கள். அதன் மறு கையில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள்.