கால்நடை மருத்துவத்தையும் சொல்லுங்கள்



எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் மேற்படிப்பு பற்றிக் கேட்டால் ஐ.டி.ஐ., டிப்ளமோ, அப்புறம் சிப்காட் கம்பெனி என்றுதான் பேச்சு ஓடுகிறது. உயிரியல் எடுத்தவர்களோ நீட் கைகூடவில்லை என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள். கால்நடை மருத்துவப் படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் என்பது பலருக்குத் தெரியவே இல்லை. பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, இதோ வேப்பேரியில் இருக்கிறது. கட் ஆஃப் கடுமைதான், மறைக்க வேண்டாம். அந்தக் கல்லூரி சேர்ந்துள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் உணவு, பால்வளத் தொழில்நுட்பப் படிப்புகளும் உண்டு.

வழிகாட்டி நிகழ்ச்சிக்குக் கம்பெனி அதிகாரிகளைத் தேடி அழைக்கும் பள்ளிகள், இந்த வட்டாரத்துக் கால்நடை உதவி மருத்துவர் ஒருவரையும் மேடையேற்றலாமே? மாடுகள் இன்னும் இங்கே நெடுஞ்சாலையை மறித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

– ஒரு வாசகர், இருங்காட்டுக்கோட்டை