மேலே எடுத்தால் கீழே இருக்காதா?



சென்ற மார்கழியில் ஒரு மாலை. மாலைச் செபம் முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், நம் பங்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர் தம் மகளின் திருமணத்திற்கு ஓலை எழுத வந்தார். மணநாள், மாப்பிள்ளையின் பங்கு, கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேசி முடித்தபின், செலவுக்கு என்ன வழி செய்திருக்கிறீர்கள் என்று நாம் கேட்டோம்.

"செங்கல் சூளைக்காரர் வயல் மண்ணைக் கேட்கிறார், சாமி. தை அறுவடை முடிந்ததும் இரண்டு வயல்களிலும் மூன்று அடி ஆழத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஒரு வயலுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். நிலம் என் பெயரிலேயேதான் இருக்கும். மண்தானே போகிறது" என்றார்.

அந்த மண்ணில்தானே நெல் விளைகிறது என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "மேலே எடுத்தால் கீழே மண் இருக்காதா, சாமி?" என்று கேட்டார்.

அவர் கேட்டது எளிய கேள்விதான். ஆயினும் அதற்கு நாம் உடனே விடை கூறவில்லை. இதே கேள்வியை ஒரு தீவின் நிலத்திடம் கேட்டுக் கேட்டு, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அதைத் தோண்டியவர்களின் வரலாறு நம் நினைவுக்கு வந்தது. மறுவாரம் அவரிடம் சொன்ன அந்த வரலாற்றை, இத்தவக்காலத்தில் உங்கள் அனைவரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே நவூரு என்னும் தீவு உள்ளது. அதன் பரப்பு வெறும் 21 சதுர கிலோமீட்டர். இன்று அங்கே ஏறத்தாழ 12,000 பேர் வாழ்கின்றனர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் நம்மைப் போன்ற கத்தோலிக்கர். தரவா-நவூரு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். தென்னையும் தாழையும் மீனும் அத்தீவின் பழைய செல்வங்கள்.

அத்தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட கல் ஒன்று, சிட்னி நகரில் ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில், கதவு சாத்திக்கொள்ளாதபடி முட்டுக்கொடுக்கக் கிடந்தது. ஆல்பர்ட் எல்லிஸ் என்னும் ஊழியர் அதை ஆராய்ந்து பார்க்க, அது உயர்ந்த தரமான பாஸ்பேட் பாறை எனத் தெரிந்தது. 1900-ஆம் ஆண்டில் அவர் தீவுக்கே சென்று, நடுமேட்டு நிலம் முழுவதும் அப்பாறை நிறைந்திருப்பதை உறுதிசெய்தார். 1907-ஆம் ஆண்டில் ஏற்றுமதி தொடங்கிவிட்டது. பயிருக்கு மணிச்சத்து தரும் உரம் அதிலிருந்தே செய்யப்படுகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் மேய்ச்சல் நிலங்களும் கோதுமை வயல்களும் செழித்ததற்கு அத்தீவின் மண் பெரிதும் காரணமாயிற்று. நிலத்துக்கு உரியவர்களுக்கோ, தொடக்கத்தில் டன்னுக்கு அரைப் பென்னியே பங்காகக் கிடைத்தது.

முதலாம் உலகப் போருக்குப்பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் கூட்டாக அச்சுரங்கத்தை நடத்தின. தோண்டும் முறையையும் நாம் அறிய வேண்டும். பவளப் பாறைகள் தூண்கள் போல நெருங்கி நிற்க, அவற்றின் இடுக்குகளில் பாஸ்பேட் படிந்திருந்தது. மேலிருந்த மரங்களை வெட்டி, மண்ணை அகற்றி, இடுக்குகளில் இருந்ததை வாரி எடுத்தபின், எஞ்சியவை கூரிய வெண்பாறைத் தூண்கள் மட்டுமே. அங்கே ஏர் பூட்ட முடியாது; வீடு கட்ட முடியாது; நடந்து செல்வதே அரிது. இவ்வாறு தீவின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பாழாயிற்று. மேலே எடுத்தபின் கீழே என்ன இருந்தது என்பதற்கு அத்தூண்களே விடை.

1960-களில், பாஸ்பேட் தீர்ந்தபின் இம்மக்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, ஆஸ்திரேலிய அரசு அவர்களைக் குயின்ஸ்லாந்தின் கர்ட்டிஸ் தீவில் குடியேற்ற முன்வந்தது. நவூரு மக்கள் அதற்கு இணங்கவில்லை. அரசன் ஆகாபு வேறு நல்ல தோட்டம் தருவதாகச் சொன்னபோதும், முன்னோரின் சொத்தை விட்டுக்கொடுக்க மறுத்த நாபோத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1968-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் நவூரு விடுதலை பெற்றது. 1970-இல் சுரங்கமும் அவர்கள் கைக்கு வந்தது. 1970-களின் நடுவில் உரத்தின் விலை பன்மடங்கு உயரவே, உலகிலேயே தலைக்கு மிக அதிக வருமானம் பெறும் நாடுகளுள் ஒன்றாக அச்சிறு தீவு விளங்கியது. வரி கிடையாது, மருத்துவமும் கல்வியும் இலவசம், சொந்த விமான நிறுவனம். 1977-இல் மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம் ஒன்றையும் எழுப்பினார்கள்.

அவர்கள் எதிர்காலத்தை அடியோடு மறந்துவிட்டார்கள் என்று நாம் குறைகூறலாகாது. பாஸ்பேட் தீரும் நாளுக்கென்று நிதியம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தார்கள். ஒரு காலத்தில் அதில் நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் இருந்தது. ஆனால் வீண் முதலீடுகளும், ஊதாரிச் செலவும், பிறரின் வஞ்சகமும் அதனைக் கரைத்துவிட்டன. 1993-இல் லண்டனில் அரங்கேறி விரைவிலேயே நின்றுபோன இசை நாடகம் ஒன்றுக்குக்கூட அத்தீவின் பணம் சென்றது. பாஸ்பேட் குறைந்தது, கடன் வளர்ந்தது. 2004-இல் மெல்போர்ன் கட்டடம் விலைபோயிற்று. 2005 டிசம்பரில், எஞ்சியிருந்த ஒரே விமானத்தையும் கடன் கொடுத்தவர்கள் எடுத்துச் சென்றார்கள். உணவுப் பொருள்கள் வெளியிலிருந்தே வர, தகர டப்பா உணவுக்குப் பழகிய மக்களிடையே நீரிழிவு நோய் மிகுந்தது.

விடுதலைக்கு முன் பாழான நிலத்தைச் சீர்செய்து தரவேண்டும் என்று நவூரு 1989-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பன்னாட்டு நீதிமன்றத்தை நாடியது. 1993-இல் உடன்பாடு ஏற்பட்டு, 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டது. பணம் கிடைத்தது, நிலம் திரும்பவில்லை. இன்று கடல்மட்டம் உயர்ந்து கரையோர வீடுகளை அச்சுறுத்துவதால், மக்கள் மேட்டு நிலத்துக்குக் குடியேற வேண்டியிருக்கிறது. அந்த மேட்டு நிலமோ தோண்டிப் பாழாக்கிய அதே நிலம்! தாத்தாவின் காலத்தில் விற்ற இடம் பேரனுக்கு அடைக்கலமாகத் தேவைப்படும் என்று அன்று யார் எண்ணினார்கள்?

இதே மறைமாவட்டத்தின் மற்றொரு பகுதியான கிரிபாட்டியின் கதை சற்று வேறானது. அந்நாட்டைச் சேர்ந்த பனாபா தீவிலும் பாஸ்பேட் தோண்டினார்கள். ஆனால் 1956-ஆம் ஆண்டிலேயே அவ்வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி நிதியம் ஒன்று தொடங்கப்பட்டது. 1979-இல் பாஸ்பேட் தீர்ந்துவிட்டது. நிதியமோ இன்றும் அந்நாட்டைத் தாங்குகிறது. இதையும் முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. பனாபா மக்களுள் பெரும்பாலோர் 1945-இல் பிஜி நாட்டின் ரம்பி தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சேமித்த பணம் பசியைத் தணிக்கும். இழந்த ஊரை மீட்டுத் தராது. நவூருவும் 2015-இல் வருங்காலத் தலைமுறைக்கென்று புதிய நிதியம் தொடங்கியிருக்கிறது. விழுந்தவர் எழுவது நமக்கும் நம்பிக்கை தருகிறது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. நெல்லும் மீனும் ஆண்டுதோறும் கிடைக்கும் வட்டி. பூமிக்குள் இருக்கும் கனிமமோ முதல். முதலை எடுத்துச் செலவழித்துவிட்டு அதனை வருமானம் என்று கணக்கெழுதினால், அக்கணக்கு ஒருநாள் நம்மைக் கைவிடும். ஏசா பசி பொறுக்காமல் ஒரு வேளைப் பயற்றங்கூழுக்குத் தலைமகன் உரிமையை விற்றான். அவன் பசி பொய்யன்று. விற்றதுதான் திரும்ப வாங்க முடியாதது. யோசேப்போ எகிப்தில் ஏழு வளமான ஆண்டுகளின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்து, பஞ்ச காலத்தில் நாட்டையே காத்தார். தானியம் மீண்டும் விளையும் பொருள். அதையே அவர் அவ்வளவு எண்ணிச் செலவிட்டார் என்றால், மீண்டும் விளையாத பொருளை எவ்வளவு எண்ணிச் செலவிட வேண்டும்!

நவூருவின் பாஸ்பேட்டுக்கும் நம் வயலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பயிருக்கு வேண்டிய முதன்மைச் சத்துகள் மூன்று: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. தழைச்சத்தைக் காற்றிலிருந்து ஆலைகளில் செய்துகொள்ளலாம். உளுந்தும் சணப்பும் வேரிலேயே சேர்த்துக்கொடுக்கும். மணிச்சத்து உரத்துக்கோ பாறையே மூலம். அதற்கு மாற்றுப் பொருள் இல்லை. உலகில் எஞ்சியுள்ள பாஸ்பேட் இருப்பில் பெரும்பகுதி மொராக்கோவின் வசம் உள்ளது. நம் நாட்டில் உதய்ப்பூர் அருகே ஜாமர்கோத்ராவில் சுரங்கம் உண்டு. ஆயினும் நம் தேவையில் பெரும்பங்கு கப்பலில்தான் வருகிறது. கடையில் நாம் வாங்கும் டி.ஏ.பி. மூட்டையில் எங்கோ ஒரு நாட்டின் மலை கரைந்திருக்கிறது.

வயலின் மேல்மண்ணும் அத்தகையதே. சட்டத்தின் கண்ணில் செங்கல் மண்ணும் ஒரு சிறு கனிமம், அனுமதியின்றி எடுக்கலாகாது. ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். பாட்டனும் பூட்டனும் இட்ட சாணமும் தழையும் மக்கி, மணிச்சத்தும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் தங்கியிருக்கும் இடம் அதுவே. மேலே எடுத்தால் கீழே மண் இருக்கும். ஆனால் அது வேறு மண். அதில் பழைய விளைச்சலைக் காண இன்னும் எத்தனை மூட்டை உரம் வாங்க வேண்டுமோ! தம் மண்ணை விற்றுவிட்டு மொராக்கோவின் மண்ணை விலைக்கு வாங்குவது என்ன கணக்கு?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், தலைமுறைகளுக்கிடையே நிலவவேண்டிய நீதியைப் பற்றிப் பேசுகிறார். பூமி நமக்கு முன்னோர் விட்டுச்சென்ற சொத்து மட்டுமன்று. நம் பின்னோர்க்கும் உரியது. இன்னும் பிறவாதவர்கள் பங்குப் பேரவையில் வந்து பேச முடியாது. அவர்களுக்காக நாம்தான் பேச வேண்டும்.

இவ்வாறு அந்த விவசாயியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நம் மனச்சான்று நம்மையே கேட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நாம் பெருமையோடு கட்டி, ஆயரை அழைத்துத் திறந்துவைத்த பங்கு மண்டபத்தின் செங்கற்கள் எந்த வயலின் மேல்மண்? அனல் மின் நிலையச் சாம்பலைக் கொண்டு செய்த கற்கள் கிடைக்கின்றன என்று பொறியாளர் அன்றே சொன்னார். செங்கல்தான் பார்வைக்கு அழகு என்று சொன்னவர் நாமே. மேலும், அவர் மண்ணை விற்பது பேராசையாலா? ஆயிரம் பேருக்கு விருந்து வைக்காவிட்டால் ஊர் மதிக்காது என்ற அச்சத்தினால் அன்றோ? அந்த ஊர் யார்? ஞாயிறுதோறும் நம் கோவிலில் மண்டியிடும் நாம் அல்லவா?

எனவே நாம் மாப்பிள்ளை வீட்டாரையும் அழைத்துப் பேசினோம். நல்ல மக்கள், புரிந்துகொண்டார்கள். விருந்து நெருங்கிய உறவினருக்கு மட்டும் என்று முடிவாயிற்று. பங்கு மண்டபம் வாடகையின்றித் தரப்பட்டது. அது நாம் செலுத்திய சிறு பரிகாரம். தவக்காலத்துக்கு முன் திருமணம் சிறப்பாக நடந்தேறியது.

இத்தவக்காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியவை சில உள. சமையலறைக் கழிவையும் தழையையும் எரிக்காமல் குழியிட்டு மக்கச் செய்யுங்கள். மண் பரிசோதனை செய்து, தேவையான அளவே உரம் இடுங்கள். முன்பு இட்ட உரத்தில் மண்ணோடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தைப் பயிருக்கு எடுத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியாவைப் பற்றி வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள். வீடு கட்டுவோர் சாம்பல் கற்களை எண்ணிப்பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வீட்டுத் திருமணத்தில் இலையில் எத்தனை வகை என்று எண்ணுவதை விட்டுவிடுங்கள்.

சென்ற வாரம் நோயாளி ஒருவருக்கு நன்மை கொடுத்துத் திரும்பும் வழியில் அந்த வயல்களைப் பார்த்தோம். முன்பணம் வாங்கிய வயலில் மண் வெட்டியாயிற்று, பள்ளமாகக் கிடக்கிறது. கொடுத்த வாக்கை மீற அவர் மனம் ஒப்பவில்லை. அடுத்த வயலில் உளுந்து முளைவிட்டு நான்கு இலை விட்டிருக்கிறது. வரப்பில் நின்றிருந்த அவர் நம்மைக் கண்டதும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஒன்றையாவது வைத்துக்கொண்டேன், சாமி" என்றார்.

எஞ்சியிருப்பதைக் காக்கும் மனத்தை இறைவன் நம் இல்லங்கள் அனைத்துக்கும் அருள்வாராக.

உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை